காலி பெஞ்சுகளுக்கு முன்னால்

பி.எட். இரண்டாம் ஆண்டை முடிக்கும் மாணவ ஆசிரியர்களுக்கு,

ஏப்ரல் பிறந்ததும் நாளிதழ்களின் உள்பக்கங்களில் கட்டம் கட்டிய விளம்பரங்கள் வரத் தொடங்கும். ‘ஆசிரியர்கள் தேவை. தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல். பி.எட். கட்டாயம். அசல் சான்றிதழ்களுடன் நேரில் வரவும்.’ அரசுப் பள்ளி வேலைக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்துவது எழுத்துத் தேர்வும் சான்றிதழ் சரிபார்ப்பும்தான். ஆனால் அந்த அறிவிப்பு வரும்வரை வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாத பலரும் முதலில் ஏறுவது தனியார் பள்ளியின் படிகளில். தனியார் பள்ளியோ, உதவிபெறும் பள்ளியோ, கேந்திரிய வித்யாலயாவோ, ஏதோ ஒரு வடிவில் நேர்முகத் தேர்வு இருக்கிறது. பெரும்பாலும் அதோடு ஒரு டெமோ வகுப்பும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்த நாளுக்கு நீங்கள் தயாராகும் விதத்தைப் பற்றியது இம்மடல்.

விடுதி அறைகளில் இந்த மாதங்களில் கைமாறும் தாள்களை எல்லோரும் பார்த்திருப்பார்கள். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்பதற்கு ஆங்கிலத்தில் எட்டு வரி. ‘உங்கள் பலவீனம் என்ன?’ என்பதற்கு, பலவீனம் போலத் தோன்றும் ஒரு பலம். ‘ஏன் ஆசிரியராக விரும்புகிறீர்கள்?’ என்றால் சிறு வயதுக் கனவு. இவற்றை மனப்பாடம் செய்வதில் குற்றம் ஒன்றுமில்லை, பதற்றமாவது குறையும். ஆனால் மேசைக்கு எதிரே இருக்கும் தலைமை ஆசிரியைக்கு அந்த எட்டு வரியும் தண்ணீர்பட்ட பாடு. அவர் மனத்துக்குள் ஓடும் கேள்வி வேறு. இவரை நம்பி நாற்பது பிள்ளைகளை ஒரு அறையில் விட்டுவிட்டு, நிம்மதியாக என் வேலையைப் பார்க்க முடியுமா?

அந்தக் கேள்விக்கான விடை தாளில் இல்லை. நீங்கள் பயிற்சிக்குப் போன பள்ளிகளில் இருக்கிறது.

2015-ல் பி.எட். படிப்பு இரண்டு ஆண்டுகளாக நீண்டதற்கு முக்கியமான காரணமே, மாணவ ஆசிரியர்கள் உண்மையான பள்ளியில் அதிக நாள் இருக்க வேண்டும் என்பதுதான். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதிப்படி மொத்தம் 20 வாரங்கள். அவற்றில் 16 வாரங்கள் இரண்டாம் ஆண்டில். அந்த 16 வாரங்களில் உங்களிடம் என்ன சேர்ந்தது என்று யோசித்துப் பாருங்கள். பாடக்குறிப்புகள், சார்ட்டுகள், அட்டை போட்ட ரெக்கார்டு நோட்டுகள், வழிகாட்டி ஆசிரியரின் கையெழுத்துகள். நல்லது. அந்த வகுப்புகளில் இருந்த பிள்ளைகளில் எத்தனை பேரின் பெயர் இன்று நினைவுக்கு வருகிறது? ஐந்து பேரா, பத்துப் பேரா? ஒரே ஒரு பிள்ளையைப் பற்றியாவது உங்களால் ஐந்து நிமிடம் பேச முடியுமா? எதைப் பார்த்தால் அவள் முகம் மலரும், எந்தக் கணக்கில் எந்த இடத்தில் இடறுவாள், யாருடன் உட்கார்ந்தால் வாய் திறப்பாள், திங்கட்கிழமைகளில் ஏன் வருவதில்லை? முடியும் என்றால் உங்கள் நேர்முகத் தேர்வுத் தயாரிப்பில் பாதி முடிந்துவிட்டது.

இந்தியக் கல்வி எழுத்துகளில் மிக அழகான நேர்முகத் தேர்வு ஒன்று 1932-ல் குஜராத்தி மொழியில் வந்தது. கிஜுபாய் பதேகா எழுதிய ‘திவாஸ்வப்னா’. தமிழில் ‘பகல் கனவு’ என்ற பெயரில் கிடைக்கிறது. கிஜுபாய் வழக்கறிஞராக இருந்தவர். பிறகு பாவ்நகரில் தட்சிணாமூர்த்தி கல்வி நிலையத்தில் குழந்தைகளோடு வேலை செய்தவர். குழந்தைகள் மீது அவர் வைத்த பாசத்தால் ‘மீசை வைத்த அம்மா’ என்றே அவருக்குப் பெயர். கதையின் தொடக்கத்தில் ஓர் இளைஞர் கல்வி அதிகாரியைப் போய்ப் பார்க்கிறார். தனக்கு ஒரு தொடக்கப் பள்ளி வகுப்பு வேண்டும், புதிய முறையில் நடத்திக் காட்டுகிறேன் என்கிறார். அதிகாரிக்கு நம்பிக்கை இல்லை. புத்தகம் படித்துவிட்டு வரும் உற்சாகம் எத்தனை நாள் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் நான்காம் வகுப்பைக் கொடுக்கிறார், ஆண்டு இறுதியில் தேர்வு உண்டு என்ற நிபந்தனையோடு.

அந்த இளைஞர் முதல் நாளுக்குத் திட்டம் எழுதிக்கொண்டு போகிறார். மௌன விளையாட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பது திட்டம். வகுப்போ கூச்சலில் மூழ்குகிறது. மௌனமாவது ஒன்றாவது! எழுதிவைத்ததெல்லாம் காற்றில் பறக்கிறது. மறுநாள் அவர் கையில் திட்டத்தாள் இல்லை; ஒரு கதை இருக்கிறது. கதை தொடங்கியதும் வகுப்பு அவர் பக்கம் திரும்புகிறது, அடுத்தடுத்த நாள்களிலும் கதை தொடர்கிறது. அந்தக் கதைகளின் வாலைப் பிடித்துக்கொண்டே வாசிப்பும் விளையாட்டும் பாடமும் வருகின்றன. அவருக்குக் கைகொடுத்தது கதை சொல்லும் திறன் மட்டும் இல்லை. முதல் நாள் தோற்றதை ஒப்புக்கொண்டு, பிள்ளைகள் எதற்குக் காது கொடுப்பார்கள் என்று அன்று இரவு யோசித்தாரே, அதுதான். நேர்முகத் தேர்வில் ‘உங்கள் வகுப்பு ஒன்று சரியாகப் போகாத நாளைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று யாராவது கேட்டால், மழுப்பாமல் சொல்லுங்கள். தோற்ற வகுப்பையும் மறுநாள் செய்த மாற்றத்தையும் சேர்த்துச் சொல்பவரை அனுபவமுள்ள எந்தத் தலைமை ஆசிரியரும் மதிப்பார்.

டெமோ வகுப்புக்கு வருவோம்.

நுண்ணிலைக் கற்பித்தல் உங்களுக்குப் புதிதல்ல. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் பிறந்து உலகெங்கும் பரவிய முறை அது. பாடம் தொடங்கும் திறன், வினா கேட்கும் திறன், வலுவூட்டும் திறன் என்று ஒவ்வொன்றாகப் பழகினீர்கள். ஆனால் அங்கே மாணவர்களாக உட்கார்ந்திருந்தவர்கள் உங்கள் தோழிகள், தோழர்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் சரியான விடை சொல்லி உங்களைக் கரையேற்றினார்கள். அடுத்த முறை நீங்கள் அவர்களைக் கரையேற்றினீர்கள். டெமோ வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் அப்படியல்ல. ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவிலிருந்து திடீரென்று அழைத்து வரப்பட்ட முப்பது பேர். உங்களை அவர்களுக்குத் தெரியாது, அவர்களை உங்களுக்குத் தெரியாது. பின் வரிசையில் முதல்வரும் தாளாளரும் நோட்டுடன் இருக்கிறார்கள். பதினைந்து நிமிடம்.

முதல் அரை நிமிடத்துக்கு எவ்வளவு எடை உண்டு என்பதை 1993-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஹார்வர்டில் நளினி அம்பாடியும் ராபர்ட் ரோசந்தாலும், ஆசிரியர்கள் பாடம் நடத்தும் காட்சிகளிலிருந்து பத்துப் பத்து நொடித் துண்டுகளாக மூன்றை எடுத்து, ஒலியை நீக்கி, முன்பின் தெரியாதவர்களிடம் காட்டினார்கள். என்ன பாடம், என்ன மொழி, எதுவும் கேட்காது. வெறும் முகமும் கையும் நடையும்தான். அந்த முப்பது நொடியைப் பார்த்து அவர்கள் போட்ட மதிப்பெண், அந்த ஆசிரியர்களிடம் பருவம் முழுக்கப் படித்த மாணவர்களின் மதிப்பீட்டோடு வியக்கும் அளவுக்கு ஒத்துப்போனது. உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களின் காட்சிகளை வைத்துச் செய்தபோது, பள்ளி முதல்வர்களின் மதிப்பீட்டோடும் பொருந்தியது.

இதைப் படித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் சிரித்துப் பழகத் தொடங்கிவிட வேண்டாம். நுழைந்ததும் கரும்பலகைப் பக்கம் திரும்பி, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டியபடி தேதியும் தலைப்பும் எழுதுவது பலருக்கும் பழக்கம். பதற்றத்தில் கைக்கு ஒரு வேலை வேண்டியிருக்கிறது. அந்த வேலையை இரண்டு நிமிடம் தள்ளிவையுங்கள். முதலில் பிள்ளைகளைப் பாருங்கள். மூன்றாம் பெஞ்சில் பேனா இல்லாமல் தவிப்பவன், ஜன்னலோரம் வெயில் முகத்தில் அடிக்கும் சிறுமி, பின்னால் இருக்கும் தாளாளரைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும் பயந்த பையன். பேனா கொடுத்து, ஜன்னலைச் சாத்தி, ‘எல்லாரும் என்னையே பாருங்கடா, பின்னாடி இருக்கிறவங்க எனக்குத்தான் பரீட்சை வைக்க வந்திருக்காங்க’ என்று சொன்னால் போதும். பிள்ளைகள் சிரிப்பார்கள், உங்களுக்கும் மூச்சு சீராகும்.

அடுத்தது பெயர். முப்பது பெயரைப் பதினைந்து நிமிடத்தில் எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 185 பேர் படித்த ஒரு கல்லூரி உயிரியல் வகுப்பில், ஒவ்வொரு மாணவரும் அட்டையை இரண்டாக மடித்துத் தன் பெயரை எழுதி முன்னால் நிறுத்திக்கொண்டார்கள். 2017-ல் வெளியான அந்த ஆய்வின் முடிவு மனத்தைத் தொடுவது: ஆசிரியர்களுக்குத் தம் பெயர் தெரியும் என்று நம்பிய மாணவர்கள் 78 சதவீதம், ஆசிரியர்களுக்கு உண்மையில் தெரிந்தது 53 சதவீதம்தான். அட்டையைப் பார்த்து ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே, தம் பெயர் அவருக்குத் தெரியும் என்ற எண்ணத்தைப் பலருக்குத் தந்தது. உங்கள் ஃபைலில் முப்பது வெள்ளைத் தாள்களையும் நான்கு ஸ்கெட்ச் பேனாக்களையும் வைத்துக்கொள்ளுங்கள். ‘ஏய், ரெண்டாவது பெஞ்ச், நீலக் கிளிப்’ என்பதற்கும் ‘கவிப்ரியா, நீ சொல்லும்மா’ என்பதற்கும் உள்ள தூரத்தைப் பின் வரிசையில் இருப்பவர்கள் கவனிக்கத்தான் செய்வார்கள். அவர்கள் கவனிக்காவிட்டாலும் கவிப்ரியா கவனிப்பாள்.

கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் பொறுக்கிறீர்கள்? மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கேட்டு இதை அளந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுத்தார்கள். அதற்குள் விடை வராவிட்டால் வேறு பிள்ளைக்குத் தாவினார்கள், அல்லது விடையைத் தாங்களே சொன்னார்கள். அதை மூன்று நொடியாக்கியபோது பதில்கள் பல மடங்கு நீண்டன, ‘தெரியாது’ குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். டெமோ வகுப்பில் மூன்று நொடி மௌனம் முப்பது நிமிடம் போலக் கனக்கும்; உங்களுக்கு விடை தெரியவில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்றுகூடத் தோன்றும். மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். பயிற்சிப் பள்ளியில் இன்னும் சில வாரங்கள் மிச்சம் இருந்தால் இதை நாளை முதலே பழகலாம். கைப்பேசியில் உங்கள் வகுப்பை ஒலிப்பதிவு செய்து கேட்டுப் பார்த்தால், எத்தனை பதில்களைப் பாதியில் வெட்டினீர்கள் என்பது தெரியவரும். கேட்பதற்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் நுண்ணிலைக் கற்பித்தலின் பின்னூட்டத் தாள்களைவிட அது அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

டெமோ முடிந்து மேசைக்கு வந்தால், தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. ‘மெல்லக் கற்கும் மாணவர்களை எப்படிக் கையாள்வீர்கள்?’ தாளில் இருக்கும் விடை: தனிக்கவனம், கூடுதல் வகுப்பு, எளிய வினாக்கள். இது தப்பான விடையல்ல, ஆனால் இதற்குள் குழந்தை இல்லை. தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தார்கள். முத்திரை குத்தாமல் நிலையைச் சொல்ல யாரோ அக்கறையோடு தேர்ந்தெடுத்த பெயர்கள். அரும்பில் இருக்கும் பிள்ளைக்கு எந்த எழுத்து தெரியும், எது தெரியாது என்று தெரிந்தால்தான் அதை மொட்டுக்கு நகர்த்த முடியும். அதற்கும் முன்னால், 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுவதும் போன செயல்வழிக் கற்றல், ஆசிரியரை நாற்காலியிலிருந்து இறக்கிப் பிள்ளைகளோடு பாயில் உட்கார வைத்தது. பிள்ளைகள் எழுதுவதற்கென்று சுவரின் அடிப்பகுதியில் தாழ்வான கரும்பலகை வந்தது. அந்த முறையைப் பற்றிய விவாதங்கள் இன்றும் இருக்கின்றன, இருக்கட்டும். தரையில் உட்கார்ந்த ஆசிரியருக்குப் பிள்ளையின் நோட்டு தெரியும், முகம் தெரியும், விரல்விட்டு எண்ணுவது தெரியும். அது லேசான விஷயமல்ல.

ஆகவே அந்தக் கேள்விக்கு, உங்கள் 16 வாரங்களிலிருந்து ஒரு பிள்ளையின் கதையைச் சொல்லுங்கள். பெயரை மாற்றியே சொல்லுங்கள். அந்தக் கவனமும் உங்களைப் பற்றி நல்லதாக ஒன்றைச் சொல்லும். ‘எட்டாம் வகுப்பில் ஒரு பையன். பின்னக் கணக்கு வந்தாலே தலை குனிந்துவிடுவான். வாய்ப்பாடு தெரியாது என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான், கேள்வியைப் படிப்பதிலேயே சிரமம் என்று தெரிந்தது. கேள்வியை வாசித்துக் காட்டினால் கணக்கைப் போட்டுவிடுகிறான்.’ இப்படி நான்கு வரி போதும். இதைப் புனைந்து சொல்ல வேண்டாம். அடுத்த கேள்வி ‘பிறகு என்ன செய்தீர்கள்?’ என்பதாக இருக்கும், புனைவு அங்கே நின்றுவிடும். உண்மையாகவே நடந்தது என்றால் அடுத்த பத்து நிமிடமும் உங்களுடையது.

அப்படிச் சொல்ல ஒரு கதை வேண்டுமானால், பிள்ளைகள் பேசுவதைக் கேட்டிருக்க வேண்டும். உலகம் முழுக்க ஆசிரியர்கள் படிக்கும் ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’ நூலில், டெட்சுகோ குரோயானாகி புதிய பள்ளிக்குப் போன தன் முதல் நாளை நினைவுகூர்கிறார். ஒரு பள்ளியிலிருந்து ஏற்கெனவே வெளியேற்றப்பட்ட சிறுமி அவர். டோக்கியோவின் டோமோயே பள்ளித் தலைமை ஆசிரியர் சோசாகு கோபயாஷி, அம்மாவை அனுப்பிவிட்டு, நாற்காலியைக் குழந்தையின் அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உனக்கு என்ன தோன்றுகிறதோ எல்லாவற்றையும் சொல் என்கிறார். குழந்தை பேசுகிறது. ரயிலைப் பற்றி, நாயைப் பற்றி, உடையைப் பற்றி. நான்கு மணி நேரம். அவர் ஒரு முறையும் கொட்டாவி விடவில்லை, சலித்துக்கொள்ளவில்லை. அதுவும் ஒரு நேர்முகத் தேர்வுதான். அங்கே கேட்பவரின் வேலை கேட்பது மட்டும். அந்தப் பள்ளி 1945-ல் வான்வழித் தாக்குதலில் எரிந்துபோனது. அந்த நான்கு மணி நேரம் 1981-ல் புத்தகமாகி இன்றும் படிக்கப்படுகிறது.

நாற்பது பிள்ளைகளுக்கு நான்கு மணி நேரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பாடத்தை முடிக்க வேண்டும், திருத்த வேண்டிய நோட்டுகள் மலையாக இருக்கும். ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு பிள்ளை, ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் ஒரு மாதத்தில் வகுப்பு முழுவதையும் ஒரு சுற்று வந்துவிடலாம். சத்துணவு வரிசையில், மைதானத்துக்குப் போகும் வழியில், சைக்கிள் நிறுத்தும் இடத்தில். படிப்பைப் பற்றிக் கேட்காதீர்கள், அதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.

2018 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டை அடுத்த வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளியில் நடந்ததை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அப்போது உங்களில் பலர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். இளம் ஆங்கில ஆசிரியர் ஒருவருக்குப் பணி நிரவலில் வேறு பள்ளிக்கு மாறுதல் வந்தது. கிளம்ப வந்தவரைப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு, கட்டிப்பிடித்து, கையைப் பிடித்து இழுத்து, தேம்பித் தேம்பி அழுதார்கள். பெற்றோரும் வேண்டாம் என்று நின்றார்கள். அந்தப் படம் நாடு முழுவதும் போனது, மாறுதல் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது. தான் பிள்ளைகளுக்கு ஆசிரியராக மட்டும் இல்லாமல் அண்ணனாக, நண்பனாக இருந்ததைத்தான் அவர் பேட்டிகளில் சொன்னார். அவர் அந்தப் பள்ளியில் இருந்தது ஏறத்தாழ நான்கு ஆண்டுகள்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். உறவு கட்ட ஒரு வாழ்நாள் தேவைப்படவில்லை.

இது மனம் நெகிழும் காட்சியோடு முடிந்துபோகும் விஷயமும் அல்ல. பிரிட்ஜெட் ஹாம்ரே, ராபர்ட் பியான்டா என்ற இருவர் அமெரிக்காவில் 179 குழந்தைகளை மழலையர் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை தொடர்ந்து கவனித்து 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். மழலையர் வகுப்பு ஆசிரியையோடு மோதலும் ஒட்டிக்கொள்ளலுமாக இருந்த உறவின் சுவடு, எட்டாம் வகுப்பு வரையிலான படிப்பிலும் நடத்தையிலும் தெரிந்தது. எல்.கே.ஜி. மிஸ்ஸின் முகச்சுளிப்பு அத்தனை தூரம் கூட வருகிறது.

‘வகுப்பை எப்படி அடக்குவீர்கள்?’ என்றும் கேட்பார்கள். சிலர் அதட்டலான பதிலை எதிர்பார்த்தே கேட்பார்கள். அந்தத் தூண்டுதலுக்கு இணங்கிவிடாதீர்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடலை வருத்தும் தண்டனையையும் மனத்தை வதைப்பதையும் ஒருசேரத் தடை செய்கிறது. பிரம்பு மட்டும் குற்றமல்ல. ‘உனக்கெல்லாம் எதுக்குடா படிப்பு’ என்பதும் அதற்குள் வரும். இரா. நடராசனின் ‘ஆயிஷா’வைப் படித்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை; அடி வலிக்காமல் இருக்க மரத்துப்போகும் மருந்தைத் தனக்கே செலுத்திக்கொண்ட அந்தச் சிறுமியை மறக்க முடியாது. படிக்காதவர்கள் நேர்முகத் தேர்வுக்கு முன்னால் படித்துவிடுங்கள், சிறிய நூல்தான். அடக்குவதற்குப் பதிலாக என்ன செய்வீர்கள் என்று கேட்டால், வாசலில் நிற்பேன் என்று சொல்லலாம். 2018-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பத்து நடுநிலை வகுப்புகளில் சிலவற்றின் ஆசிரியர்கள் வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி வரவேற்றும், முந்தைய நாள் சிரமப்பட்ட பிள்ளையிடம் ஓரிரு வார்த்தை பேசியும் பாடத்தைத் தொடங்கினார்கள். பாடத்தில் ஈடுபட்டிருந்த நேரம் 20 சதவீதப் புள்ளி உயர்ந்தது, இடையூறு 9 புள்ளி குறைந்தது. மணி அடித்ததும் ஓய்வறையிலிருந்து கிளம்பாமல் இரண்டு நிமிடம் முன்னால் கிளம்ப வேண்டும், செலவு அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் மாணவர்களோடு உறவு என்று பேசிவிட்டுச் சாதியைத் தொடாமல் போனால் அது பாதி உண்மை. 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புப் பட்டியலின மாணவர் ஒருவரை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் காயமடைந்தார். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் மாணவரின் சாதி தெரியும் குறிப்பு எதுவும் இருக்கக் கூடாது, சாதியைச் சுட்டும் வண்ணக் கயிறுகள் கூடாது, ஆசிரியர் எந்த மாணவரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ சாதியைச் சொல்லி அழைக்கவோ பேசவோ கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் அடங்கும். மறைமுகமாக என்ற சொல்லில் நின்று யோசியுங்கள். ‘எந்தத் தெருவில் இருந்து வர்றே?’, ‘அப்பா என்ன வேலை?’ என்பவை அக்கறையான கேள்விகளாகவும் இருக்கலாம், வேறொன்றாகவும் இருக்கலாம். எது என்று கேட்கப்படும் பிள்ளைக்குச் சட்டென்று தெரிந்துவிடும். குடிநீர் எடுத்துவர யாரை அனுப்புகிறீர்கள், கழிப்பறையைப் பார்த்து வரச் சொல்வது யாரிடம், முன் பெஞ்சில் யார், இவற்றை மாதம் ஒருமுறை நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

பிள்ளைகள் நம்பி மனம் திறக்கும் ஆசிரியரிடம் ஒருநாள் பெரிய விஷயம் ஒன்றும் வரும். ‘மிஸ், யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கள்ல?’ என்று தொடங்கும். அந்த வாக்குறுதியைக் கொடுக்காதீர்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம் (போக்சோ), இத்தகைய குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்குகிறது. தெரிவிக்காமல் இருப்பது தண்டனைக்குரியது. ‘உன்னைக் காப்பாத்த யாருகிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன், நீ கூட இருப்பே’ என்பதுதான் நேர்மையான பதில். குழந்தைகள் உதவி எண் 1098, தமிழ்நாடு பள்ளிக் கல்வி உதவி எண் 14417, இரண்டையும் இப்போதே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எட்டு வரி ஆங்கிலத்தைவிட இவை முக்கியம்.

‘எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா?’ என்று கடைசியில் கேட்பார்கள். இருக்கிறது என்று சொல்லுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? வாரத்தில் எத்தனை பாடவேளை? பள்ளியில் ஆலோசகர் உண்டா, பிள்ளையைப் பற்றிக் கவலை வந்தால் யாரிடம் போக வேண்டும்? சம்பளம் வங்கிக் கணக்கில் வருமா? அசல் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்களா, வாங்கி வைத்துக்கொள்வார்களா? வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் தயங்குங்கள். பெண்களிடம் ‘கல்யாணம் எப்போது?’ என்று கேட்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. ‘இந்தக் கல்வியாண்டு முழுவதும் வகுப்பில் இருப்பேன்’ என்று பாடத்துக்குத் திருப்பிவிடலாம். அதற்குமேல் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. வேலை உங்களுக்குத் தேவைதான். ஆனால் அவர்களுக்கும் ஜூனில் அந்த வகுப்புக்கு ஓர் ஆசிரியர் தேவை.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பல நேர்முகத் தேர்வுகள் மே மாதத்தில் நடக்கின்றன. மே மாதத்தில் பள்ளியில் பிள்ளைகள் இருப்பதில்லை. டெமோ வகுப்பு என்று அழைத்துப் போவார்கள்; மின்விசிறியின் கிறீச்சொலியும் தூசி படிந்த பெஞ்சுகளும்தான் இருக்கும். பின் வரிசையில் மூன்று பெரியவர்கள். ‘பிள்ளைகள் இருக்கிறதா நினைச்சுக்கிட்டு எடுங்க’ என்பார்கள். நன்றாகத் தயாரானவர்கள்கூட அந்த இடத்தில் தடுமாறி, அந்த மூன்று பேருக்கும் பாடம் நடத்தத் தொடங்கிவிடுகிறார்கள்; வாக்கியங்கள் நீள்கின்றன, ஆங்கிலம் கூடுகிறது, கேள்விகள் காணாமல் போகின்றன.

அப்போது பயிற்சிப் பள்ளியின் வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலோரம் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பிள்ளையை உட்கார வையுங்கள். பின்னக் கணக்கில் தலை குனிபவனை இரண்டாம் பெஞ்சுக்குக் கொண்டுவாருங்கள். திங்கட்கிழமை வராதவளுக்கு ஓர் இடம் விடுங்கள். கேள்வியை அவர்களிடம் கேளுங்கள், மூன்று நொடி பொறுங்கள், அவன் என்ன தப்பு செய்வான் என்று உங்களுக்குத்தான் தெரியுமே, அந்தத் தப்பைக் கரும்பலகையில் எழுதி அங்கிருந்து தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் அந்தப் படிகளில் ஏறியவர்கள் சார்பாக